பாதீடும் உண்டாட்டும்

கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு சின்னச் செதுக்கல் நினைவில் இருக்கும். வீரன் ஒரு கையில் வாளும் மறு கையில் வில்லுமாகப் பாய்ந்து நிற்பான். உடம்பில் அம்பு தைத்திருக்கும். சில கற்களில் அவன் காலருகே, சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல, மூக்கு வைத்த ஒரு கெண்டியும் ஒரு சிமிழும் இருக்கும். கெண்டியைக் கள் நிறைந்த கலம் என்று தொல்லியலாளர்கள் விளக்குகிறார்கள். ஊர் ஆநிரையை மீட்கப் போய் உயிரை விட்டவனுக்கு, வாழ்ந்த நாளில் பிடித்ததைச் செத்த பிறகும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். படைவீரனை மகிழ்விப்பது என்ற வேலைக்கு நம் மண்ணில் கிடைக்கும் மிகப் பழைய சாட்சிகளில் அந்தக் கெண்டியும் ஒன்று.

இந்த வேலையின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரின் மேடைகளிலிருந்து தொடங்குவார்கள். 1939-ல் பிரிட்டனில் பேசில் டீன் தொடங்கிய 'என்சா', 1941-ல் அமெரிக்காவில் பிறந்த 'யு.எஸ்.ஓ.', பாப் ஹோப்பின் நகைச்சுவை, வேரா லின்னின் குரல் என்று அந்தக் கதை போகும். கதை பொய்யில்லை. ஆனால் அதைப் படித்து முடிக்கும்போது, ஒரு நல்ல பாடகியும் ஒலிபெருக்கியும் கிடைத்துவிட்டால் படையின் மனம் நிமிர்ந்துவிடும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நடுகல் நாட்டின் சான்றுகளிலிருந்து தொடங்கினால் முடிவு வேறாக இருக்கிறது. வீரனுக்கும் அவன் வீட்டுக்கும் சேர வேண்டியது சேர்ந்த பிறகு வரும் பாட்டு அவன் நெஞ்சுக்கு உரமாகிறது. சேர வேண்டியதை மறைப்பதற்காக வரும் பாட்டு மேடையை விட்டு இறங்குவதற்குள் மறந்துபோகிறது. இந்த வரிசையை மாற்றிய படைகள் எல்லாம் அதற்கு விலை கொடுத்திருக்கின்றன. ஓசூர் இன்று தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஒன்று. படைக்கு வேண்டிய பொருளைச் செய்யப் போகும் ஊர், அந்தப் பொருளைக் கையில் ஏந்துகிற ஆளைப் பற்றியும் யோசிக்க வேண்டும் என்பதால் இந்தப் பழைய கணக்கை இங்கே எடுத்து விரிக்கிறோம்.

தொல்காப்பியத்தின் புறத்திணையியல் ஆநிரை கவர்தலைச் சொல்லும் வெட்சித் திணைக்குத் துறைகளை அடுக்கும்போது, கவர்ந்த ஆநிரையைக் கொண்டுவந்து ஊரில் நிறுத்துவதைச் சொல்கிறது. அடுத்துப் பாதீடு, அதாவது வந்ததைப் பங்கிட்டுக் கொடுப்பது. அதன் பிறகே உண்டாட்டு, கள் உண்டு ஆடிக் களிப்பது. பிறகு கொடை. இது வெறும் இலக்கண வரிசைதானே என்று ஒருவர் கேட்கலாம். ஆனால் இலக்கணம் எழுதியவர் வாழ்க்கையில் நடந்ததைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார். பங்கு பிரிக்காமல் பந்தி வைத்தால் அந்தக் கள் யார் தொண்டையிலும் இறங்காது என்பது ஆநிரை கவர்ந்து பிழைத்த குடிகளுக்குத் தெரிந்திருந்தது. துப்பறிந்து சொன்னவனுக்கும் முன்னணியில் நின்றவனுக்கும் என்னென்ன பங்கு என்று பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலையும் பேசுகிறது. உண்டாட்டு பாதீட்டின் நிழல். நிழல் மட்டும் தனியாக வராது.

ஓசூரிலிருந்து தெற்கே போனால் தகடூர். இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவன் அவையில் இருந்த ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல்களில் கள் பலமுறை வருகிறது. அவற்றுள் 290-ஆம் பாட்டு இந்த விவாதத்துக்கு நேரே பதில் சொல்கிறது. அரசனும் வீரனும் ஒரே பந்தியில் இருக்கிறார்கள். புலவர் அரசனைப் பார்த்து, முதலில் இவனுக்குக் கொடுத்துவிட்டு நீ குடி என்கிறார். காரணமும் சொல்கிறார். உன் பாட்டனைக் காக்க இவன் பாட்டன் போர்க்களத்தில் நின்று, தச்சன் ஆரக்கால்களைச் செருகிய சக்கரத்துக் குடம்போல உடம்பெல்லாம் வேல் தைக்க மாண்டான். இவனும் உனக்காக அப்படியே நிற்பான் என்கிறார். இதில் கள் போதைக்காக வரவில்லை. யாருக்கு முதல் கலம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு தலைமுறைக்கு முந்தைய கடன் சபையில் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்ளப்படுகிறது. அந்த ஒப்புதல்தான் அந்த வீரனின் ஊக்கம். இன்றைக்கும் நம் ராணுவத்தில் 'படா கானா' என்று ஒரு விருந்து உண்டு. அதிகாரிகள் பரிமாற ஜவான்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ரொட்டியும் கறியும் வேறு நாளிலும் கிடைக்கும். கர்னல் கரண்டி பிடித்துப் பரிமாறுவது அன்றைக்குத்தான்.

பத்துப்பாட்டில் இரண்டு பாசறைகள் வருகின்றன. முல்லைப்பாட்டின் அரசன் தூக்கம் வராமல் புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரர்களையும் நினைத்துக்கொண்டு கிடக்கிறான். நெடுநல்வாடையின் பாண்டியன் ஒருபடி மேலே போகிறான். வாடை வீசும் நள்ளிரவு, தூறல் நிற்கவில்லை, விளக்குச் சுடர் சாய்ந்து எரிகிறது. வேப்பந்தழை கட்டிய வேலோடு ஒருவன் முன்னே போய்ப் புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகக் காட்டுகிறான். அரசன் நழுவும் மேலாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை வாளேந்திய இளைஞன் ஒருவன் தோளில் வைத்தபடி அவர்களிடையே நடந்து போகிறான். அங்கே ஆடலும் இல்லை, பாடலும் இல்லை. ஆனால் படையின் மனத்தை நிமிர்த்துவதற்கு உலக இலக்கியத்தில் எழுதப்பட்ட மிகச் சிறந்த காட்சிகளில் அதுவும் ஒன்று என்பேன். அந்தக் குளிரில் தலைவனும் விழித்திருக்கிறான் என்று தெரிந்த வீரனுக்கு வேறு தாலாட்டு வேண்டியிருக்காது.

செத்த பிறகு என்ன? இந்த எல்லைப்புறம் அதற்கும் பதில் வைத்திருக்கிறது. போரில் இரத்தம் சிந்தி மாண்டவனின் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்துக்குத் தமிழில் உதிரப்பட்டி என்று பெயர். மேற்கே கன்னட நாட்டில் அதையே நெத்தரு கொடகி என்றார்கள். நெத்தரு என்றால் இரத்தம். மொழி மாறினாலும் சொல்லின் பொருள் மாறவில்லை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் கேட்கும் ஓசூர்ப் பக்கத்தில் இந்த ஒற்றுமை வியப்புக்குரியதல்ல. வீரன் கல்லாக நிற்பான், அவன் பிள்ளைகள் அந்த நிலத்தில் உழுது சாப்பிடுவார்கள். அடுத்த சண்டைக்குப் புறப்படும் இளைஞன் வழியில் அந்தக் கல்லையும் பார்த்துவிட்டுத்தான் போவான், அந்த வயலையும் பார்த்துவிட்டுத்தான் போவான். எந்தப் பறைக்கும் அந்த வயல் அளவுக்கு ஓசை கிடையாது.

கம்பெனி ஆட்சி வந்தபோது இந்த வரிசை தலைகீழானது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் இந்த வட்டாரத்துப் பாரமகால் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அடுத்த பதினான்காவது ஆண்டில், கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே வேலூர்க் கோட்டையில், 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் துப்பாக்கியைத் தம் அதிகாரிகள் பக்கம் திருப்பினார்கள். நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடி மழிக்க வேண்டும், மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும், தோல் சேர்த்துத் தைத்த புதுத் தலைப்பாகை போட வேண்டும் என்று வந்த உத்தரவுகள்தான் நெருப்பை மூட்டின. திப்புவின் பிள்ளைகள் அந்தக் கோட்டையில் இருந்ததும், நாடு இழந்தவர்களின் கோபமும் அதில் சேர்ந்தன. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து அடக்கியதில் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். பிறகு ஆளுநர் பெண்டிங்க், தளபதி கிரடாக் இருவரையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. தலைப்பாகைக்காக இவ்வளவா என்று அன்று சில வெள்ளையர்களுக்கு வியப்பு. மதிப்பு என்பது சம்பளப் பட்டியலில் வராத ஒரு பாதீடு என்பது அவர்களுக்குப் புரியவில்லை. அதைப் பிடுங்கிக்கொண்ட பிறகு வாத்திய இசையோ கூடுதல் சாராயமோ அந்த இடத்தை நிரப்ப முடியாது.

வேலூருக்குப் பதினெட்டு ஆண்டு கழித்து, 1824-ல், ஓசூர் மத்திகிரியில் கம்பெனி ஒரு பண்ணை தொடங்கியது. படைக்குக் குதிரை வளர்ப்பதற்காக. ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேல் பரந்த இடம். நூறு ஆண்டுக்குப் பிறகு, 1924-ல், அது கால்நடைப் பண்ணையாக மாறி இன்றுவரை நடக்கிறது. குதிரைக்கு என்ன வேண்டும் என்று கம்பெனி துல்லியமாகக் கணக்கிட்டது: புல், தண்ணீர், திறந்த வெளி, ஓய்வு. நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் பெங்களூர்க் கன்டோன்மென்ட் 1809-லிருந்தே இருந்தது. அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு என்ன வேண்டும் என்று போட்ட கணக்கு இந்த வரலாற்றின் மிக அசிங்கமான பக்கம். படைக்கடைத் தெருக்களில் பெண்களை வைத்து, பதிவு செய்து, நோய் இருக்கிறதா என்று கட்டாயமாகச் சோதித்து, நோயுற்றவர்களை அதற்கென்று கட்டிய மருத்துவமனைகளில் பூட்டி வைத்தார்கள். 1864-ன் கன்டோன்மென்ட் சட்டம் அதற்கு வழி செய்து கொடுத்தது. 1886 ஜூனில் இந்தியப் படைத் தலைமையிலிருந்து போன ஒரு சுற்றறிக்கை, படைக்கடைத் தெருக்களில் போதிய எண்ணிக்கையில், போதிய அழகுடைய பெண்கள் இருக்க வேண்டும் என்றே சொன்னது. ஜோசபின் பட்லரும் அவர் இயக்கத்தினரும் அதை அம்பலப்படுத்திய பிறகுதான் லண்டன் நாடாளுமன்றம் வெட்கப்பட்டது.

படைவீரனை மகிழ்விப்பது என்ற பேச்சை எடுத்தாலே எழக்கூடிய முதல் மறுப்பு இதுதான், அது வலுவான மறுப்பும் கூட. 'ஊக்கம்' என்ற சொல்லின் கீழ் பெண்களின் உடலைப் பங்கு வைத்தார்கள். அதை வரலாற்றின் விளிம்பில் ஒதுக்கிவிட முடியாது. ஜப்பானியப் படை ஆசியா முழுக்கப் பெண்களுக்குச் செய்ததும் அந்தக் கணக்கின் இன்னும் கொடிய வடிவமே. ஆனால் இதிலிருந்து, படையினரின் மனத்தைக் கவனிப்பதே தவறு என்ற முடிவுக்கு வருவது சரியாகாது. சாதாரணச் சிப்பாய்க்கு மணம் செய்துகொள்ளவும் மனைவியை உடன் வைத்துக்கொள்ளவும் கொடுக்க வேண்டிய உரிமையை அரசு கொடுக்கவில்லை. கொடுத்தால் செலவு அதிகம். சொந்தப் பணத்தில் கொடுக்க மறுத்ததை ஏழைப் பெண்களின் உடலிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அதே காலத்தில் சென்னைப் படையின் சிப்பாய்கள் பெண்டு பிள்ளைகளோடு பட்டாளத்தின் பின்னாலேயே ஊர் ஊராகப் போனவர்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாதீட்டைத் தவிர்த்து உண்டாட்டு நடத்தப் பார்த்தால், அதற்கான விலையை அங்கே இல்லாத யாரோ ஒருவர் கட்டுகிறார்.

முதல் உலகப் போரில் இன்னொரு வழி தென்பட்டது. அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் ஓசூரும் கிருஷ்ணகிரியும் இருந்தன. அந்தச் சேலத்தில் 1876-ல் பிறந்த கே.டி.பால், இந்திய ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் தேசியப் பொதுச்செயலாளராக வந்த முதல் இந்தியர். அவர் காலத்தில் அந்த இயக்கத்தின் ஊழியர்கள் பிரான்சிலும் மெசபொட்டேமியாவிலும் இந்தியப் படையினர் இருந்த இடங்களுக்குப் போனார்கள். கிராமபோன் வைத்தார்கள், விளையாட்டு நடத்தினார்கள், படம் காட்டினார்கள். எல்லாவற்றையும்விட, எழுத்தறியாத சிப்பாய்க்காகக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள், வந்த கடிதத்தைப் படித்துக் காட்டினார்கள். பசு கன்று போட்டதா, கடன்காரன் வந்தானா, மகளுக்கு வரன் அமைந்ததா என்ற செய்திக்கு ஏங்கியவனுக்கு அந்த அஞ்சலட்டைதான் பெரிய கச்சேரி. மேடை அலங்காரம் எதுவும் இல்லாத அந்தச் சேவை, வீட்டைப் பற்றிய கவலையைத் தீர்த்ததால் வேலை செய்தது.

அதே போரில் மாற்றுச் சான்றும் உண்டு. 1917-ல் பிரெஞ்சுத் தளபதி நிவெல் நடத்திய தாக்குதல் தோற்றபின் பிரெஞ்சுப் படையின் டிவிஷன்கள் பல முன்னேற மறுத்தன. தலைமைக்கு வந்த பெத்தேன் சிலரைச் சுட்டுக்கொல்ல உத்தரவிட்டார். அதை மறைக்கக் கூடாது. ஆனால் படையைத் திரும்ப நிற்க வைத்தவை வேறு: நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஏழு நாள் விடுப்பு, சூடான சாப்பாடு, உருப்படியான ஓய்வு முகாம், வீண் தாக்குதல் இனி இல்லை என்ற உறுதி. ஊக்கப் பேச்சுகளுக்குப் பிரான்சில் அன்று பஞ்சமே இருந்ததில்லை.

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படை இருபத்தைந்து லட்சம் பேராக வளர்ந்தது. தானாக முன்வந்து சேர்ந்தவர்களைக் கொண்ட படைகளில் உலகிலேயே பெரியது அதுதான் என்பார்கள். பட்டினிதான் பலரை முன்வர வைத்தது என்பதும் உண்மை. இந்தியச் சிப்பாய்களுக்காக 'ஃபௌஜி தில்குஷ் சபா' என்ற கலைக்குழு அமைப்பு நடந்தது. ஆங்கிலேயருக்கு என்சா போல இவர்களுக்கு அது. 1943-ல் 'ஜோஷ்' என்ற திட்டமும் வந்தது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் பேச்சு சிப்பாய்களிடம் பரவாமல் தடுக்க, சின்னச் சின்னக் குழுக்களாக உட்கார வைத்துப் பேசுவதுதான் அதன் வேலை. பிரச்சாரத்துக்குப் பிரச்சாரம். மறுபக்கம் மலாயாத் தோட்டங்களில் பால்வெட்டிக் கொண்டிருந்த தமிழர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் உட்பட, நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். கங்காணியின் பிரம்புக்குப் பழகியவர்களை நிமிர்ந்து நிற்க வைத்தது வெறும் அணிவகுப்புப் பாட்டு என்று நம்ப முடியவில்லை. கூலி என்று அழைக்கப்பட்டவரை ஒரு நாட்டின் சிப்பாய் என்று அழைத்ததுதான் அங்கே நடந்த பாதீடு.

பர்மா முனையில் பதினான்காவது படைக்குத் தலைமை வகித்த ஸ்லிம், மனஉரத்தைப் பற்றி மிகத் தெளிவாக யோசித்த தளபதிகளில் ஒருவர். வேரா லின் 1944-ல் அந்தக் காடுகளுக்கே வந்து பாடினார். படைக்கென்று 'சீக்' என்ற நாளிதழும் நடந்தது. ஆனால் ஸ்லிம் முதலில் கவனித்தது மலேரியாவை, காயம்பட்டவனை வெளியே கொண்டுவரும் வழியை, சோற்றை. முன்னணிக்குப் பாதி ரேஷன்தான் போகிறது என்றால் தன் தலைமையகத்துக்கும் பாதி ரேஷன்தான் என்று உத்தரவிட்டார். அதனால் மிச்சமான அரிசி மிகக் கொஞ்சம். ஆனால் அந்தச் செய்தி காடெல்லாம் பரவியது. நள்ளிரவுத் தூறலில் நடந்த பாண்டியனும் இவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

அதே போரில் வென்ற இந்தியக் கடற்படையில் 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாய் 'தல்வார்' தளத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. உடனடிக் காரணங்களில் முதலாவது மோசமான சாப்பாடு, இரண்டாவது அதிகாரியின் ஏச்சு. நாட்டு விடுதலை உணர்வு அதில் கலந்து எழுபதுக்கு மேற்பட்ட கப்பல்களுக்குப் பரவியது. வேலூரில் தலைப்பாகை, பம்பாயில் பருப்பும் வசையும். நூற்று நாற்பது ஆண்டு இடைவெளியில் அதே பாடம் திரும்ப வந்திருக்கிறது.

இரண்டாம் உலகப் போரிலிருந்து தமிழருக்குக் கிடைத்த ஒரு சொத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் குறையாகிவிடும். மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தை 1944-ல் கண்டிக்கு மாற்றினார். படையினருக்காகக் கொழும்பிலிருந்து 'ரேடியோ சீக்' ஒலிபரப்பானது. அதற்காக ஏகலவில் நிறுவிய 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்த பிறகு இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950-ல் ரேடியோ சிலோனின் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. 1952-ல் அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒடுக்கியபோது, கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர்வரை ஜனங்கள் ரேடியோவின் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். எஸ்.பி.மயில்வாகனன், பின்னாளில் பி.எச்.அப்துல் ஹமீது, கே.எஸ்.ராஜா என்று தமிழ்நாட்டின் டீக்கடைகள் இலங்கைக் குரல்களால் நிறைந்தன. கொழும்பின் போட்டியைச் சமாளிக்கத்தான் 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி பிறந்தது. விவித் பாரதியின் புகழ்பெற்ற நிகழ்ச்சிகளில் ஒன்று 'ஜெய்மாலா', எல்லையில் இருக்கும் ஜவான்கள் கேட்கும் பாடல்களுக்கானது. சிப்பாய்க்காகப் போட்ட கம்பி சாதாரண மக்களின் காதுக்கு வந்தது. மக்களுக்காகத் தொடங்கிய நிலையம் திரும்பவும் சிப்பாயிடம் போய்ச் சேர்ந்தது. தன் விருப்பம் தேசம் முழுக்கக் கேட்கிறது என்பதுதான் அந்த நிகழ்ச்சியின் உயிர். ஔவையார் சொன்ன முதல் கலத்துக்குக் கொஞ்சம் நெருங்கி வருகிறது அது.

1962-ல் சீனாவிடம் பட்ட அடி நாட்டை உலுக்கியது. எம்.ஜி.ஆர். போர் நிதிக்கு 75,000 ரூபாய் கொடுத்தார். 1963 ஜனவரி 27 அன்று டெல்லியில் பிரதீப் எழுதி சி.ராமச்சந்திரா இசையமைத்த பாடலை லதா மங்கேஷ்கர் பாடியபோது நேரு கண்கலங்கினார். சுனில் தத்தும் நர்கிஸும் தங்கள் அஜந்தா கலைக்குழுவோடு எல்லை முகாம்களுக்குப் போனார்கள். 1965 போரை ஒட்டித் தமிழ்த் திரையுலகிலிருந்தும் எம்.எஸ்.விஸ்வநாதன் உள்ளிட்ட கலைஞர்கள் வடக்கே போய்ப் படையினர் முன் பாடினார்கள். மொழி தெரியாத மலையில் நிற்கும் மதராஸ் ரெஜிமென்ட் ஜவானுக்கும், பெங்களூரை வீடாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸின் 'தம்பி'களுக்கும் தாய்மொழியில் ஒரு பாட்டு என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் படையினரை நாடே 'தம்பி' என்று தமிழில் அழைக்கிறது. பாட்டும் அந்த மொழியில் வரட்டும் என்பதில் தவறில்லை. ஆனால் 1962-ல் இமயத்தில் நின்றவனுக்குப் பனிக்குத் தாங்கும் உடுப்பும் காலணியும் போதவில்லை என்பதை எந்தப் பாடலும் ஈடுசெய்யவில்லை. லதா பாடியது மாண்டவர்களுக்கான அஞ்சலி. அந்த அஞ்சலிக்கே இடமில்லாமல் செய்திருக்க வேண்டியது அரசின் தளவாடக் கிடங்கு.

இந்த வாதத்துக்கு இன்னும் மூன்று மறுப்புகள் வரும். முதலாவது, படையை மகிழ்விக்கும் கலை எல்லாமே போர்ப் பிரச்சாரம், இளைஞர்களைச் சாவுக்கு அனுப்பும் தாலாட்டு என்பது. ஈழத்தின் நினைவு உள்ளவர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. அங்கே எழுச்சிப் பாடல்களும் வானொலியும் எவ்வளவு ஆழமாக இறங்கின, சிறுவர்கள்வரை எப்படி இழுத்தன என்பது தெரிந்ததே. ஆகவே ஒரு கோடு போட வேண்டும். போருக்குப் போ என்று பாடுவது ஒன்று. போய் நிற்பவனிடம் நீ தனியாக இல்லை என்று பாடுவது வேறொன்று. முன்னதைச் சந்தேகிக்க நமக்கு எல்லா உரிமையும் உண்டு. பின்னதை மறுப்பதால் எந்தப் போரும் நிற்கப் போவதில்லை, நிற்பவனின் தனிமைதான் கூடும்.

இரண்டாவது, இன்று எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே, கலைக்குழு எதற்கு என்பது. செல்போன் பாட்டைக் கொண்டுவருகிறது. அதே செல்போன் நிலத்தகராறையும் மாமியார் மருமகள் சண்டையையும் பிள்ளையின் பள்ளிக்கட்டணப் பாக்கியையும் அதே நிமிடத்தில் கொண்டுவருகிறது, தீர்க்கும் வழியைக் கொண்டுவருவதில்லை. 2020 ஜூலையில் பாதுகாப்புக் கருதி 89 செயலிகளை நீக்கும்படி ராணுவம் உத்தரவிட்டது. ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் அவற்றில் அடக்கம். அதற்குச் சில மாதங்களுக்குப் பின், டெல்லியின் யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிடியூஷன் வெளியிட்ட ஓர் ஆய்வு, படையினரில் பாதிக்கு மேற்பட்டோர் கடும் மனஅழுத்தத்தில் இருப்பதாகச் சொன்னது. கேட்கப்பட்டவர்கள் மிகச் சிலர் என்று ராணுவத் தரப்பு அதை ஏற்கவில்லை. எண்ணைத் தள்ளிவிட்டாலும், அந்த ஆய்வு அடுக்கிய காரணங்களைத் தள்ள முடியாது. லீவு தாமதமாவது, மறுக்கப்படுவது, வீட்டுப் பிரச்சினை, மேலதிகாரியிடம் அவமானம். பொழுதுபோக்கு வசதிக் குறைவும் பட்டியலில் இருந்தது. அது இருக்கும் இடம் அதுதான்: பட்டியலில் உண்டு, தலைப்பில் இல்லை.

மூன்றாவது மறுப்பு ஓசூரிலேயே கேட்கக்கூடியது. சிப்காட் ஆலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு யார் பாட்டுக்கச்சேரி வைக்கிறார்கள், சிப்பாய்க்கு மட்டும் என்ன தனிச்சலுகை என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. சிப்பாய் அவரைவிட உயர்ந்தவர் என்பதல்ல பதில். ஆலை வேலை பிடிக்காவிட்டால் நாளை விட்டுவிடலாம். ராணுவத்தில் விட்டுவிட்டுப் போக முடியாது. சங்கம் வைக்க முடியாது, வேலைநிறுத்தம் செய்ய முடியாது, சாகச் சொன்னால் மறுக்க முடியாது. கேட்டுப் பெறும் உரிமையை விட்டுக்கொடுத்தவனுக்குக் கேட்காமலே கொடுக்கும் கடமை மற்றவர்களுக்கு வருகிறது. உதிரப்பட்டியின் தர்க்கம் இதுவே. ஆண்டுவிழாவில் பிரியாணி போட்டுவிட்டுப் பி.எஃப். பணத்தைக் கட்டாமல் விடும் முதலாளியை அந்தத் தொழிலாளி எப்படிப் பார்ப்பாரோ, அப்படித்தான் ஜவானும் பார்ப்பார். இருவருக்கும் பாதீடு முதலில்.

2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கிவைக்கப்பட்டபோது சென்னை, கோவை, சேலம், திருச்சியோடு ஓசூரின் பெயரும் அதில் இருந்தது. வண்டியும் உதிரிபாகமும் விமானப் பாகங்களும் செய்யத் தெரிந்த ஊர். மத்திகிரியில் குதிரை வளர்த்த காலத்திலிருந்து படைக்குத் தளவாடம் அனுப்புவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இதே ஊரின் ஆலை வாசல்களில் காவலர் உடுப்பில் நிற்பவர்களில் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர்கள் இருக்கிறார்கள். ராணுவத்துக்கு ஆள் அனுப்புவதில் பெயர்பெற்ற கம்மவான்பேட்டை போன்ற ஊர்களும் கிழக்கே தொலைவில் இல்லை. பதினைந்து, பதினேழு ஆண்டுகள் பணியாற்றி நாற்பது வயதுக்குள் வீடு திரும்பியவருக்கு அடுத்த இருபது ஆண்டு எப்படி இருக்கும் என்பதை, இப்போது பனியில் நிற்கும் அவர் ஊர் இளைஞன் லீவில் வரும்போதெல்லாம் பார்க்கிறான். அந்தக் காலத்தில் நடுகல்லைப் பார்த்தபடி போன இளைஞனைப் போல. அந்தக் காவலருக்கு அந்த ஆலை கொடுக்கும் சம்பளமும் மரியாதையும் சியாச்சினில் நிற்பவனின் மனஉரத்தில் ஒரு பங்கு. இதை ஓசூர் முதலாளிகள் ராணுவ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாளில் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறோம்.

டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். 1949 முதல் ஆண்டுதோறும் வருகிறது. அன்றைக்கு மேடை போடுங்கள், தெருக்கூத்து வையுங்கள், பாட்டுக் கச்சேரி வையுங்கள், பணியில் இருக்கும் ஜவான்களின் அப்பா அம்மாவை முதல் வரிசையில் உட்கார வையுங்கள். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு நடை போய், விதவை ஓய்வூதியம், பட்டா, பிள்ளைகள் படிப்புதவி என்று முடியாமல் கிடக்கும் மனு ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஆட்சியரும் ஆலை நிர்வாகிகளும் சேர்ந்து முதலில் அதை முடித்துக் கொடுங்கள். கச்சேரியை அன்று மாலை வைத்துக்கொள்ளலாம்.